அரிக்கமேட்டு மணி: ஒரு பெயரும் அதன் பிரச்சினையும்

பீட்டர் பிரான்சிஸ் ஜூனியர் எழுதிய 'ஏசியாஸ் மேரிடைம் பீட் டிரேட்' நூலை ஹவாய் பல்கலைக்கழகப் பதிப்பகம் 2002-ல் வெளியிட்டது. ஆசியாவின் கடல்வழி மணி வணிகத்தைப் பற்றிப் பேச வருகிறவர்கள் இன்றும் இந்த நூலைத் தாண்டிப் போக முடியாது. நம்ம பக்கம் இதை வாசித்தவர்கள் குறைவு, ஆனால் இதன் முடிவு மட்டும் பரவிவிட்டது. மழைக்குப் பிறகு புஞ்சைக் காட்டில் கிடைத்த சின்னச் சிவப்பு மணியின் படத்தை யாராவது இணையத்தில் போட்டால், "இது அரிக்கமேட்டு மணி"ன்னு உடனே பதில் வருகிறது. அந்தப் பதில் எவ்வளவு தூரம் சரி என்பதுதான் என் கேள்வி.

முதலில் நூலின் பலம். மணியை அழகுப் பொருளாகப் பார்க்காமல், செய்யப்பட்ட பொருளாகப் பார்த்தவர் பிரான்சிஸ். 'இந்தோ-பசிபிக் மணி' என்ற பெயரே அவர் வைத்ததுதான். ஒரே நிறத்தில், சில மில்லிமீட்டர் அளவில், இழுத்த கண்ணாடிக் குழாயிலிருந்து நறுக்கப்பட்ட மணிகள் அவை. ஆந்திராவின் பாப்பாநாயுடுபேட்டையில் இந்த முறை நம் காலம் வரை உயிரோடு இருந்தது. 'லாடா' என்ற நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் உருகிய கண்ணாடியைத் திரட்டுவார்கள். அதன் நடுவில் துளை விழச்செய்து, உலைக்கு மறுபக்கம் நிற்பவர் கொக்கியால் இழுக்க இழுக்கக் குழாய் நூல் மாதிரி வந்துகொண்டே இருக்கும். ஆறியதும் துண்டு துண்டாக நறுக்கி, சாம்பலோடு கலந்து மறுபடி சூடாக்குவார்கள். துளை அடைபடாமலும் மணிகள் ஒன்றோடொன்று ஒட்டாமலும் பார்த்துக்கொள்வது சாம்பலின் வேலை. கூரான விளிம்பை உருட்டுவது கண்ணாடியின் பரப்பு இழுவிசை.

இதிலிருந்து பிரான்சிஸ் ஒரு வம்சாவளி வரைகிறார். அரிக்கமேடு வேர். இலங்கையின் மாந்தை, தாய்லாந்தின் குளோங் தோம், வியட்நாமின் ஓக் ஏயோ எல்லாம் கிளைகள். பாப்பாநாயுடுபேட்டை கடைசி வாரிசு. படிக்க நல்லா இருக்கு. ஆனால் இங்கே கையின் வம்சமும் கண்ணாடியின் வம்சமும் ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. இரண்டும் வேறு வேறு.

சின்ன மின்சூளையில் பதக்கமும் கிண்ணமும் உருக்கிப் பார்க்கிறவர்களுக்கு இந்த வித்தியாசம் சீக்கிரமே பிடிபடும். கண்ணாடி 650–700 டிகிரி செல்சியஸில் தளர்ந்து, தன் எடையாலேயே அச்சில் படிந்து கிண்ணமாகும். 800 டிகிரியை ஒட்டி, மேலும் கீழுமாக வைத்த இரண்டு துண்டுகள் ஒன்றாகிப் பதக்கமாகும். ஆனால் எந்தக் கண்ணாடியும் எந்தக் கண்ணாடியோடும் சேராது. ஒவ்வொன்றும் சூட்டில் விரிந்து குளிரில் சுருங்கும் அளவு வேறு. அதனால்தான் சூளை வேலைக்கான கண்ணாடியை 90, 96 என்று விரிவு எண் போட்டு விற்கிறார்கள். எண் மாறியதைச் சேர்த்தால், சூளையிலிருந்து எடுக்கும்போது முழுசாக இருக்கும் பதக்கம் சில நாள் கழித்து மேசை மேலேயே விரிசல் விடலாம். எவ்வளவு மெதுவாக ஆறவைத்தாலும் இது தீராது.

இதைக் கையில் வைத்துக்கொண்டு பழைய பொருட்களைப் பாருங்கள். ரோமானியரின் பலநிற மொசைக் கிண்ணம் சூளையில் பல துண்டுகளை ஒட்டிச் செய்தது. அதற்கு எல்லா நிறக் கண்ணாடியும் ஒத்துப்போக வேண்டும். அவர்களுக்கு அது வாய்த்தது. எகிப்திலும் லெவாந்து கரையிலும் பெரிய உலைகளில் நேட்ரான் சேர்த்துச் செய்த, ஏறக்குறைய ஒரே கலவையுள்ள கண்ணாடிதான் அங்கே எங்கும் போனது. இந்தோ-பசிபிக் மணி ஒற்றை நிறம். இன்னொரு கண்ணாடியோடு அது ஒட்ட வேண்டிய அவசியமே இல்லை. ஆகவே இன்று இலங்கையிலிருந்து வந்த கட்டியை இழுக்கலாம், நாளை வேறெங்கிருந்தோ வந்ததை இழுக்கலாம். முறை ஒன்றாக இருக்க, சரக்கு பத்து இடத்திலிருந்து வரலாம்.

வேதியியலும் இதைத்தான் சொல்கிறது. லோர் துஸ்ஸுபியூ முதலானோரின் ஆய்வுகள், பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் மணிகளைப் பல கண்ணாடி வகைகளாகப் பிரித்துக் காட்டின. அலுமினா மிகுந்த சோடா கண்ணாடி ஒன்று, பொட்டாஷ் கண்ணாடி இன்னொன்று. அரிக்கமேட்டிலேயே ஒன்றுக்கு மேற்பட்ட வகை உண்டு. இலங்கையின் கிரிபாவாவில் மூலக் கண்ணாடியையே உருவாக்கியிருக்கிறார்கள். பிரான்சிஸ் வரைந்தது ஒற்றை மரம். சான்றுகள் காட்டுவது ஒரு தோப்பு.

இன்னொன்றும் சொல்லணும். மேற்கிலிருந்து கிண்ணம் வந்தது, நாம் வெறும் மணி செய்தோம் என்ற தொனி சில எழுத்துகளில் தெரிகிறது. கேரளத்தின் பட்டணம் அகழாய்வில் ரோமானிய விலாக் கிண்ணத் துண்டுகள் கிடைத்தது உண்மை. இங்கிலாந்தின் மார்க் டெய்லரும் டேவிட் ஹில்லும் விலா பதித்த கண்ணாடி வட்டைச் சூட்டில் அச்சின் மேல் தளரவிட்டு அத்தகைய கிண்ணத்தைச் செய்து காட்டினார்கள். நேர்த்தியான வேலைதான். ஆனால் சூடும் எடையும் சேர்ந்து அதில் பாதியைச் செய்துவிடுகின்றன. குழாய் இழுப்பதில் அப்படி இல்லை. சூடு இன்னும் அதிகம் வேண்டும், இழுக்கிறவரின் வேகம் மாறினால் மணியின் தடிமன் மாறும். அந்த மங்கல் சிவப்பு அதைவிடக் கஷ்டம். செம்பு காற்றோட்டமுள்ள சூட்டில் பச்சைக்கும் நீலத்துக்கும் போகும். சிவப்பு வேண்டுமென்றால் உயிர்வாயு குறைந்த, புகை மண்டிய நெருப்பு வேண்டும். சாதாரண மின்சூளையில் அது சுலபத்தில் வராது. பொருளின் அளவை வைத்துத் திறமையை அளக்கக் கூடாது.

சரி, இதில் தேனிக்கு என்ன? முசிறியிலிருந்து மலையேறி மதுரைக்குப் போன பாதைகளில் ஒன்று கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சென்றது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். போடிநாயக்கனூரில் முத்திரை வெள்ளிக்காசுக் குவியல் கிடைத்தது. ஆண்டிப்பட்டிப் பக்கம் புலிமான்கோம்பையில் தமிழ் பிராமி எழுத்துள்ள நடுகற்கள் 2006-ல் வெளிப்பட்டன. பழனி மலைக்கு அந்தப்புறம் பொருந்தலில் பேராசிரியர் கா. ராஜன் குழு செய்த அகழாய்வில் கண்ணாடி மணிகள் ஏராளமாகக் கிடைத்தன. அப்படியானால் இந்தப் பள்ளத்தாக்கில் கிடைக்கும் ஒரு மணி கிழக்கிலிருந்து வந்திருக்கலாம், மேற்கிலிருந்து வந்திருக்கலாம், பக்கத்து மலையடிவாரத்திலேயே செய்ததாகவும் இருக்கலாம். "அரிக்கமேட்டு மணி" என்ற ஒரு சொல் இந்த மூன்று கேள்வியையும் ஒரே அடியில் மூடிவிடுகிறது.

பிரான்சிஸை ஒதுக்கச் சொல்லவில்லை. மணி செய்யும் கைகளை அவர் பார்த்த மாதிரி பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு. செய்முறைக்கு அவர் நூலை வாசிக்கலாம். பிறப்பிடத்துக்கு அவர் பெயரைச் சாட்சியாகக் கூப்பிட வேண்டாம். கண்ணால் பார்த்து அதைச் சொல்ல முடியாது, ஆய்வகம்தான் சொல்லும். ஆய்வகம் சொன்ன பிறகும், எந்த ஊரில், எந்தக் காட்டில், எந்த ஆழத்தில் கிடைத்தது என்று தெரியாவிட்டால் பாதி விஷயம் போச்சு. கிடைத்ததைக் கழுவி, நூலில் கோத்து, சாமி படத்துக்கு மாட்டிவிட்டால் அந்தப் பாதி திரும்ப வராது. கிடந்த இடத்திலேயே விட்டுப் படம் எடுங்கள், இடத்தைக் குறித்துவைத்துத் தொல்லியல் துறைக்குச் சொல்லுங்கள். பெயர் வைப்பதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.