அஞ்சாம் கிளாஸில் என்ன எதிர்பார்க்கலாம்?

சிவகாசிப் பக்கம் ஆர்.சி. ஸ்கூலில் பிள்ளையைச் சேர்த்தவர்கள் கேட்பது: "அஞ்சாம் கிளாஸ் ரொம்பக் கஷ்டமா?" உதவிபெறும் பள்ளி என்றால் அரசு கொடுக்கும் அதே பாடநூல், அதே மூன்று பருவம்தான். கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி, மற்றவர்களுக்கு நன்னெறி. (அரசியல் சட்டம் 28(3)-ன்படி, பெற்றோர் சம்மதம் இல்லாமல் யாரையும் மதபோதனையில் உட்காரவைக்க முடியாது.)

2019 செப்டம்பரில் அஞ்சாம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு என்று தமிழக அரசு ஆணை போட்டது. உதவிபெறும் பள்ளிகளுக்கும் சேர்த்துத்தான். 2020 பிப்ரவரி 4-ல் கைவிட்டார்கள். நல்ல வேளை. ஆனால் அன்றைய சண்டை முழுக்கப் பரீட்சையைச் சுற்றியே நடந்தது. என் குறை அதில்தான். பல ஆர்.சி. பள்ளிகள் தொடக்கப்பள்ளிகள், அஞ்சோடு முடிந்துபோகும். பயப்பட வேண்டியது அந்த இடத்துக்குத்தானே?

காலை உணவுத் திட்டத்தையே பாருங்கள். நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கு அது வந்ததே 2025 ஆகஸ்ட் 26-ல்தான். விடியக்காலையில் பட்டாசு ஆபீஸுக்கு வேன் ஏறும் அம்மாவுக்கு அது எவ்வளவு பெரிய உதவி! அதையும் ஒன்று முதல் அஞ்சு வரை என்றுதான் போட்டார்கள். ஆறாம் கிளாஸ் போனதும் பிள்ளைக்குப் பசிக்காதா என்ன?

அதனால், மார்க்கைப் பற்றி அப்புறம் விசாரிக்கலாம். ஜூனிலேயே ஹெச்.எம்.-ஐப் பார்த்து, அடுத்து எந்த ஸ்கூல், எவ்வளவு தூரம், பஸ் இருக்கா என்று கேட்டுவிடுங்கள். டி.சி. வாங்குகிற அன்றைக்குத்தான் கேட்போம் என்று இருந்தால், பொம்பளப் பிள்ளையை வீட்டில் நிறுத்த அந்தத் தூரமே சாக்காகிவிடும்.