முன் டயரில் மிச்சம் பிடிக்கலாமா?

திருவனந்தபுரத்தில் பழைய ஸ்பிளெண்டர் வைத்திருப்பவர் டயர் மாற்றப் போனால், சாலைக் கடைத்தெருவானாலும் கரமனையானாலும், முதலில் கேட்பது “எது அதிக நாள் ஓடும்?” என்றுதான். வண்டியை விற்றாலே பெரிதாக ஒன்றும் தேறாது என்னும்போது அந்தக் கேள்வி இயல்பானது. ஆனால் இந்த ஊருக்கும் இந்த வண்டிக்கும் அது முதல் கேள்வியாக இருக்கக் கூடாது என்று நினைக்கிறேன்.

எடுத்துக்கொள்ளும் வண்டி 1994-இல் ஹீரோ ஹோண்டா அறிமுகப்படுத்திய ஸ்பிளெண்டரின் பழைய வடிவம். ஸ்போக் ரிம், இரண்டு சக்கரத்திலும் டிரம் பிரேக், ஏபிஎஸ் கிடையாது, முன்னும் பின்னும் 2.75-18 அளவு டயர். இந்த அளவு இன்றும் நிறைய விற்பதால் கடையில் சரக்கு தேங்குவதில்லை. ஆர்எக்ஸ் 100-இன் முன் சக்கரத்துக்கு 2.50-18 தேடுபவருக்கும், பழைய புல்லட்டுக்கு 3.25-19 தேடுபவருக்கும் இந்த வசதி இல்லை.

நீண்ட ஆயுளால் எவ்வளவு மிச்சமாகும்? 1,500 ரூபாய்க்கு வாங்கும் கடினமான டயர் 30,000 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்கு 5 காசு. 1,800 ரூபாய்க்கு வாங்கும் மென்மையான டயர் 20,000-த்திலேயே தேய்ந்துவிடுகிறது என்றால் 9 காசு. வித்தியாசம் 4 காசு. ஆண்டுக்கு 6,000 கிலோமீட்டர் ஓட்டுபவருக்கு டயர் ஒன்றுக்கு 240 ரூபாய். லிட்டருக்கு 60 கிலோமீட்டர் தரும் வண்டிக்கே பெட்ரோலுக்கு மட்டும் கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் ரூபாய்க்கு மேல் ஆகிறது. காற்று குறைந்த டயரோடு ஓட்டினாலே அந்த 4 காசு பெட்ரோலில் போய்விடும். 2025 செப்டம்பர் 22 முதல் டயருக்கான ஜிஎஸ்டி 28 விழுக்காட்டிலிருந்து 18-ஆகக் குறைந்திருக்கிறது; முன்பு வரியோடு 1,280 ரூபாயாக இருந்தது 1,180 ஆகிறது. ஆக, விலை உயர்ந்த டயருக்கும் மலிவான டயருக்கும் உள்ள இடைவெளி நாம் பயப்படும் அளவுக்குப் பெரிதல்ல.

இனி ஊரைப் பார்ப்போம். ஜூன் தொடக்கத்தில் தென்மேற்குப் பருவமழை, அது ஓய்ந்ததும் துலாவர்ஷம் என்னும் வடகிழக்குப் பருவமழை, கோடையிலும் மாலை இடிமழை. ஆண்டில் பல மாதங்கள் சாலை அடிக்கடி ஈரமாகத்தான் இருக்கும். கேசவதாசபுரத்திலிருந்து பருத்திப்பாறை, நாலாஞ்சிறை வழியாக ஏறும் எம்.சி. ரோட்டைப் போல மேடும் பள்ளமுமாகவே நகரம் கிடக்கிறது. இறக்கத்தின் அடியில் செம்மண் கரைசல் படிந்திருக்கும். அங்கே பிரேக் பிடிக்கும்போது உதவுவது டயரின் ஈரப்பிடிப்பு மட்டும்தான்.

அந்த ஈரப்பிடிப்பை வாங்குபவர் எப்படித் தெரிந்துகொள்வார்? கார், பஸ், லாரி டயர்களுக்கு ஈரப்பிடிப்பை அளக்க இந்தியாவில் ஏஐஎஸ்-142 என்ற தரநிலை இருக்கிறது. பைக் டயர் அதில் வராது. ஐரோப்பிய ஒன்றியம் 2012-இல் கொண்டுவந்த டயர் லேபிளிலும் பைக் டயர் சேரவில்லை. டயரே சறுக்கினால் விழுந்துவிடும் வண்டிக்குத்தான் இந்தத் தகவல் மிகவும் தேவை. அதற்குத்தான் இந்த இரண்டிலும் தரப்படுவதில்லை. இது பெரிய குறை, அரசு தீர்க்க வேண்டியது. அதுவரை டயரின் மேற்பரப்பில் வெட்டியிருக்கும் பட்டனின் வடிவத்தைப் பார்த்துத்தான் ஊகிக்க வேண்டியிருக்கிறது.

அந்த ஊகத்திலும் ஒரு தவறு பரவலாக இருக்கிறது. ஆழமான முரட்டுப் பட்டன் இருந்தால் மழையில் பிடிக்கும் என்கிறார்கள். நாசா 1960-களில் உருவாக்கிய சூத்திரத்தின்படி, 25 பிஎஸ்ஐ காற்றுள்ள டயர் தண்ணீரின் மேல் மிதக்கத் தொடங்குவது மணிக்கு ஏறத்தாழ 83 கிலோமீட்டரில். உருண்டையான, ஒல்லியான பைக் டயருக்கு அது இன்னும் தாமதமாகவே நேரும். நகருக்குள் நாற்பதில் போகும் ஸ்பிளெண்டர் தண்ணீரில் மிதந்து விழுவதில்லை. ரப்பர் இறுகிப்போய் சாலையைப் பற்ற முடியாததால்தான் வழுக்குகிறது. ஆகவே பட்டனின் ஆழத்தைவிட ரப்பர் கலவையும் அதன் வயதும் முக்கியம்.

இங்கேதான் முன் டயரையும் பின் டயரையும் பிரித்துப் பார்க்க வேண்டும். எஞ்சினின் இழுப்பும் பின்னால் உட்காருபவரின் எடையும் பின் டயரைத் தேய்க்கின்றன. முன் டயர் மெதுவாகவே தேயும். அது 40,000 கிலோமீட்டர் தாங்கும் என்றால், ஆண்டுக்கு 6,000 ஓட்டுபவருக்கு ஏழு வருடம் ஆகும். அதற்குள் வெயிலும் காற்றும் பட்டு ரப்பர் இறுகி, பக்கவாட்டில் கீறல் விழுந்துவிடும். பட்டன் நிறைய இருக்க, டயர் மட்டும் செத்திருக்கும். முன்னால் ‘நீண்ட நாள் ஓடும்’ டயர் போடுபவர், ஒருபோதும் ஓடப்போகாத கிலோமீட்டருக்குக் காசு கொடுக்கிறார். பிரேக் பிடிக்கும்போது பாரம் முன்னுக்குத்தான் சாய்கிறது. பின் சக்கரம் வழுக்கினால் பல நேரம் சமாளித்துவிடலாம். முன் சக்கரம் வழுக்கினால் அநேகமாக விழுந்துதான் எழ வேண்டும்.

பின்னால் ஆயுளைத் தேடுவது சரி. ஆனால் பக்கவாட்டில் உள்ள எழுத்தைப் படித்துவிட்டுத் தேட வேண்டும். ஒரே 2.75-18 அளவில் 42P, 48P என்று இரண்டு வரும். 42 என்றால் 150 கிலோ, 48 என்றால் 180 கிலோ தாங்கும். வண்டி 110 கிலோ, ஓட்டுபவரும் பின்னால் இருப்பவரும் சேர்ந்து 135 கிலோ என்றால் மொத்தம் 245; அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 160 கிலோவுக்கு மேல், பின் சக்கரத்தில் விழும். 42P அங்கே போதாது. ‘ரெண்டும் ஒரே சைஸ்தானே’ என்று முன் டயரைப் பின்னால் மாட்டினால் ஆபத்து.

பிராண்டுக்கு வருவோம். எம்ஆர்எஃப் மீது இந்த ஊரில் தனிப் பிரியம் உண்டு. 1946-இல் திருவொற்றியூரில் பலூன் செய்யத் தொடங்கிய மாம்மன் மாப்பிள்ளை திருவிதாங்கூர்க்காரர் ஆயிற்றே. அந்தப் பிரியம் தீர்ப்பில் குறுக்கிடக் கூடாது. நைலோகிரிப் பிளஸ், சியட்டின் மைலேஜ் போன்றவை உழைப்புக்குப் பெயர் பெற்றவை. 48P கிடைத்தால் பின்னால் போடத் தயங்க வேண்டாம். மதுரையில் தயாராகும் டிவிஎஸ் யூரோகிரிப்பும் இவற்றோடு சமமாக வைத்துப் பார்க்கத் தக்கது. முன்னால், நீளவாக்கில் கோடு ஓடும் ரிப் பட்டனில், பிடிப்புக்கென்று விற்கும் ரகத்தை எடுக்க வேண்டும். விலை கூடினாலும் சரி. மிஷலின் சிட்டி புரோ கிடைத்தால் என் முதல் தேர்வு அதுவே. 2020 ஜூனில் மத்திய அரசு டயர் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு வெளிநாட்டு டயரை நம்பிக் காத்திருக்க முடியாது என்பதால், அதையே தீர்ப்பாகச் சொல்ல மாட்டேன்.

ரீட்ரெட் செய்வது பஸ்ஸுக்கும் லாரிக்கும் பொருந்தும் தொழில்நுட்பம். எத்தனை மேடுபள்ளம் கண்டது என்று தெரியாத பழைய நைலான் கூட்டின் மேல் புது ரப்பர் ஒட்டி வருவதை, இரண்டே சக்கரத்தில் நிற்கும் வண்டிக்குப் போடக் கூடாது. டியூப்லெஸ் மாற்றமும் வேண்டாம். ஸ்போக் ரிம் அதற்கு இடம் தராது. புது டயரோடு புது டியூபும் ரிம் டேப்பும் போட வேண்டும், ஏனென்றால் பழைய டியூப் விரிந்து போயிருக்கும், புது டயருக்குள் மடிந்து கிழியும். டயரில் உள்ள நான்கு இலக்கத்தைப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரம். முன் டயர் ஓராண்டுக்கு மேல் பழையதென்றால் வேறு கேட்க வேண்டும்.

பால் கேனோ ரப்பர் ஷீட்டோ ஏற்றி நெடுமங்காட்டுப் பக்கம் ஓட்டுபவருக்கு மட்டும் பின்னால் 3.00-18, 52P பொருத்தம். 200 கிலோ தாங்கும், பழைய ரிம்மிலேயே உட்காரும். சுற்றளவு ஏறத்தாழ 2 விழுக்காடு கூடுவதால் ஏற்றத்தில் இழுவை கொஞ்சம் குறையும். பாரம் ஏற்றாதவர் அதைத் தொட வேண்டியதில்லை.