கோலத்தை விடுங்கள், காலைப் பாருங்கள்

ஸ்காட்லாந்துத் தீவுகளின் ஆட்டம் என்று வாயெடுத்தால் போதும், நண்பர்கள் நழுவுகிறார்கள். "பாவாடை கட்டின ஆம்பளைங்க குதிப்பாங்களே, அதுதானே?" என்கிறார் ஒருவர். "எல்லாம் ஒரே மாதிரி இருக்குப்பா" என்கிறார் இன்னொருவர். நாலு நிமிஷம் உட்கார்ந்து பார்க்காதவர்களின் தீர்ப்பு இது. கேட்டுக் கேட்டு எரிச்சல் முற்றிப்போய்த்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அடிப்படைகளைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஆட்டம் நடக்கும் கூடுகைக்குக் கேய்லி என்று பெயர். நம் 'கேலி' காதில் விழுந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல் பிறந்த மொழியின் பெயரே கேலிக்தான். சொல்லுக்குப் பொருள், ஒருவர் வீட்டுக்குப் போய் வருவது. அண்டை வீட்டில் கூடிக் கதை பேசிப் பாடி ஆடிய மாலைகள் பிறகு ஊர்ப் பொதுக்கூடத்துக்கு இடம் மாறின. வாத்தியம் ஃபிடில், அக்கார்டியன், பியானோ. ஒன்றும் கிடைக்காவிட்டால் வாயாலேயே ஆட்டத்துக்குப் பாடிவிடுவார்கள். துள்ளினால் ஜிக், நேராக ஓடினால் ரீல், நிதானமாக வந்து நடுநடுவே வெட்டினால் ஸ்ட்ராத்ஸ்பே, மூன்று மூன்றாகப் போனால் வால்ட்ஸ். (ரீல் என்றதும் கைபேசியை எடுக்க வேண்டாம்.) இவ்வளவு போதும்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

இந்த ஆட்டத்தில் இரண்டு வேலைகள் உண்டு. ஒன்று, ஆட்கள் இடம் மாறித் தரையில் கோலம் போடுவது: எட்டுப்போல வளைந்து ஒருவரை ஒருவர் கடப்பது, வட்டமாகச் சுற்றுவது, கைக்கூரைக்கு அடியில் நுழைவது. இன்னொன்று, நின்ற இடத்திலேயே எதிரில் இருப்பவரைப் பார்த்துக் காலால் தாளம் அடிப்பது. பழைய ரீலின் கட்டுமானமே இவை மாறி மாறி வருவதுதான். எட்டுத் தாளவட்டம் அலைவது, எட்டுத் தாளவட்டம் நின்று அடிப்பது, மறுபடி அலைவது. ஷெட்லாந்துத் தீவுகளின் ரீலைப் பாருங்கள். மூன்று ஜோடி, ஆறு பேர். வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருப்பவர்கள், மெட்டு புரண்டதும் சட்டென்று நிற்கிறார்கள். இடுப்புக்கு மேலே ஒன்றும் அசையாது. காலுக்குக் கீழே பலகைத் தரை பேச ஆரம்பிக்கும்.

புதிதாகப் பார்ப்பவர் அலைச்சலைப் பார்த்துக் கைதட்டி, நின்று அடிக்கும் நேரத்தில் தண்ணீர் குடிக்கப் போய்விடுகிறார். ஆட்டமே அப்போதுதான் நடக்கிறது. கல்யாண வீடியோக்காரர்கள் இன்னும் மோசம். ட்ரோனை உயரத்தில் பறக்கவிட்டுப் பூக்கோலம்போல விரியும் வட்டங்களை எடுத்து, பின்னால் ஒரு சோக இசையைச் சேர்த்துவிடுகிறார்கள். மேலேயிருந்து பார்த்தால் தலைதான் தெரியும். பாதம் எங்கே தெரியும்?

இந்த வேறுபாட்டை நான் இவ்வளவு பிடித்துத் தொங்கக் காரணம் இருக்கிறது. ஆட்டங்கள் ஊர்விட்டு ஊர் போகும் ரகசியம் இதில்தான் ஒளிந்திருக்கிறது. கோலத்தைத் தாளில் எழுத முடியும். 1651இல் லண்டனில் ஜான் பிளேஃபோர்டு ஆட்டப் புத்தகம் அச்சிட்டபோதே அது தெரிந்துவிட்டது. யார் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று நாலு வரி இருந்தால் போதும், ஆட்டம் தபாலில் போய்விடும். லான்சர்ஸ் என்ற நாலு ஜோடி ஆட்டம் 19ஆம் நூற்றாண்டில் அப்படித்தான் ஓர்க்னி, ஷெட்லாந்துத் தீவுகள் வரை ஏறியது. அதே பெயரை மட்டக்களப்புப் பறங்கியர் வீட்டு விசேஷங்களிலும் கேட்கலாம், கஃப்ரிஞ்ஞா ஆட்டத்துக்குப் பக்கத்திலேயே. ஷெட்லாந்துக் கூடங்களில் தாத்தா பாட்டி காலத்துச் சொத்தாக ஆடப்படும் ஈவா த்ரீ ஸ்டெப், 1904இல் மான்செஸ்டர் ஆட்ட ஆசிரியர் ஒருவர் தன் மகள் பெயரில் கட்டியது. போல்காவோ பொஹீமியாவிலிருந்து வந்தது. 'ஆதித் தீவு மரபு' என்று உருகி எழுதும் விமர்சகர்கள் இதையெல்லாம் கேட்டால் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

அடி அப்படித் தபாலில் போகாது. அது போக வேண்டுமானால் ஆளே கப்பலேற வேண்டும். ஹெப்ரைட்ஸ் தீவுகளிலும் மேட்டுநிலங்களிலும் இருந்து 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் குடும்பம் குடும்பமாகக் கனடாவின் கேப் பிரெட்டனுக்குப் போனார்களே, அவர்கள் காலோடு போயிற்று. நிலத்தை விட்டுத் துரத்தப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. அங்கே சமையலறைப் பலகைத் தரையில், கெட்டி அடிச் செருப்போடு, தரையை விட்டு அதிகம் எழும்பாமல் ஆடினார்கள். அவர்கள் விட்டுப்போன ஊரில் அந்த அடி ஏறக்குறைய மறைந்துபோனது. 1990களில் கேப் பிரெட்டன்காரர்கள் வந்து ஸ்காட்லாந்துக்கே அதைத் திருப்பிக் கற்றுக்கொடுத்தார்கள். 1996இல் தெற்கு உயிஸ்ட் தீவில் கியோலஸ் கோடைப்பள்ளி தொடங்கியபோது இதுவும் பாடமானது. "இது அயர்லாந்து ஆட்டம், நம்முடையதே இல்லை" என்று அப்போது மல்லுக்கு நின்றவர்களும் உண்டு. வீட்டுக்குத் திரும்பி வந்த பிள்ளையிடம் ரேஷன் கார்டு கேட்கிற கூட்டம் எங்கும் இருக்கும்.

1923இல் கிளாஸ்கோவில் ஜீன் மில்லிகனும் இசபெல் ஸ்டூவர்ட்டும் ஆரம்பித்த நாட்டு நடனச் சங்கத்தைப் பற்றி நான் பல்லைக் கடித்துக்கொண்டுதான் பேச முடியும். அழிய இருந்த நூற்றுக்கணக்கான ஆட்டங்களைச் சிறு புத்தகங்களாக அச்சிட்டுக் காப்பாற்றினார்கள். மறுக்கவில்லை. ஆனால் ரீலில் நின்று அடிக்கும் இடத்துக்கு 'பா த பாஸ்க்' என்று பிரெஞ்சுப் பெயர் கொண்ட ஒரே ஒரு அடி. கால்விரல் நீட்டி, மெல்லிய தோல் செருப்பில், சத்தமே வராமல். டோக்கியோவில் ஆடினாலும் டொரான்டோவில் ஆடினாலும் இம்மி பிசகாது. எனக்கு அது இஸ்திரி போட்ட ஆட்டம்.

ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கிறேன். 1940 ஜூனில் பிரான்ஸின் சென் வலேரியில் 51ஆம் ஹைலாண்டு டிவிஷன் என்ற ஸ்காட்லாந்துப் படை சரணடைந்தது. ஜெர்மனியின் லாஃபென் சிறைமுகாமில் அடைபட்ட அதன் அதிகாரிகள் ஒரு புது ரீலைக் கட்டினார்கள். மூலைக்கு மூலை ஆட்கள் நீண்டு, நடுவில் கைகோத்து, ஸ்காட்லாந்துக் கொடியின் செயின்ட் ஆண்ட்ரூ சிலுவையைத் தரையில் வரைவார்கள். பெண்கள் இல்லை, ஆண்களே இரு பக்கமும். அதைச் சங்கம் 1945இல் தன் 13ஆவது புத்தகத்தில் அச்சிட்டது. இந்த ஒரு ஆட்டத்தில் கோலத்தைப் பாருங்கள். நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

எதிலிருந்து ஆரம்பிக்கலாம் என்கிறீர்களா? டாஷிங் ஒயிட் சார்ஜன்ட். மூவர் மூவராக எதிரெதிரே நின்று, ஆடி முடித்ததும் எதிரணியைக் கடந்து புதிய மூவரைச் சந்திப்பார்கள். அரை மணியில் கூடமே பழக்கமாகிவிடும். அடுத்து ஓர்க்னி ஸ்ட்ரிப் த வில்லோ. நீண்ட இரு வரிசை, தலைமாட்டிலிருந்து ஜோடி ஜோடியாகச் சுழன்றுகொண்டே கீழே இறங்குவார்கள். அதில் அடியெல்லாம் கிடையாது, தோள்பட்டை பிடுங்காமல் வெளியே வந்தால் சரி. சுற்றுலாக்காரர்களுக்கு அதுதான் பிடிக்கிறது. உங்களுக்கும் முதலில் பிடிக்கும், பரவாயில்லை. ஷெட்லாந்து ரீல் வரும்போது மட்டும் கூட்டத்திலேயே வயதானவர் யார் என்று பார்த்து, அவர் காலுக்கு நேராக உட்காருங்கள். முடிந்தால் கண்ணை மூடிக்கொள்ளுங்கள்.

உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு இன்னும் அந்த அடி வரவில்லை. கோலம் அத்தனையும் மனப்பாடம், புத்தகம் பார்த்தே கற்றேன். ஷெட்லாந்தில் ஒரு கூடத்தில் ரீலில் புகுந்து, வளைவெல்லாம் தப்பில்லாமல் வளைந்து, நிற்கும் நேரம் வந்ததும் மரம்போல நின்றேன். எதிரில் எழுபது வயதுப் பாட்டி. என் காலைப் பார்த்தார், பிறகு என் முகத்தைப் பார்த்தார், எனக்கும் சேர்த்து அவரே அடித்தார்.

இப்போது இரவில் வீட்டுக் கூடத்தில் பழகுகிறேன். போன வாரம் கீழ் வீட்டு மாமி படியேறி வந்தார். "என்னப்பா அது, கொஞ்ச நேரம் டக்கு டக்குன்னு இடிக்குது, அப்புறம் சத்தமே இல்லை, திரும்பவும் இடிக்குது? எண்ணிப் பாத்தேன், ஒரே அளவா வருது" என்றார். மாமியை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்தேன்.