ஊர்வசி விருது: பட்டமும் பாத்திரமும்

1954இல் தேசியத் திரைப்பட விருதுகள் தொடங்கியபோது படங்களே பாராட்டப்பெற்றன. நடிப்புக்கான தனி விருதுகள் 1967ஆம் ஆண்டுப் படங்களிலிருந்தே வழங்கப்பட்டன. அவற்றுள் நடிகருக்குரியது 'பாரத்' என்றும் நடிகைக்குரியது 'ஊர்வசி' என்றும் பெயர்பெற்றன. முன்னது நாட்டையோ நாட்டிய நூலாரையோ நினைவூட்ட, பின்னது இந்திரசபை ஆடல்மகளையே சுட்டுகிறது. சிலப்பதிகாரம் மாதவியின் மரபை அவளோடு இணைப்பதும் ஆடற்கலை கருதியே.

மலையாளத் 'துலாபாரம்' (1968) படத்தில் சாரதா ஏற்றதோ வறுமையால் குழந்தைகளுக்கு நஞ்சூட்டும் தாயின் பாத்திரம். அந்நடிப்புக்கு இப்பட்டம் சற்றும் பொருந்தவில்லை. ஆயினும் 'ஊர்வசி சாரதா' என அது பெயரின் பகுதியாகவே நிலைத்தது. 'ரிக்‌ஷாக்காரன்' (1971) படத்திற்காகப் 'பாரத்' பெற்ற எம்.ஜி.ஆருக்கோ 'மக்கள் திலகம்' என்பதே நிலைபெற்றது. இப்பெயர்கள் பின்னர்க் கைவிடப்பட்டு, விருது 'ரஜத் கமல்' எனப்பட்டது. நடிகர், நடிகை என்னும் பகுப்பு மட்டும் நீடிக்கிறது.