கடைசிச் சுருள்கள்

1980களின் தொடக்கத்தில், கடைகளை விட்டு அநேகமாக மறைந்துபோய், அமெரிக்காவில் அஞ்சல்வழி இசைத்தட்டுச் சங்கங்களும் நியூயார்க்கின் பார்க்லே-க்ராக்கர் போன்ற சிறு நிறுவனங்களும் வெளியிட்டுவந்த கடைசி டேப் சுருள்களைத் தேடிச் சேர்ப்பவர்களின் ரசனையை நான் மனமார மதிக்கிறேன். 7 அங்குலச் சுருளிலிருந்து கால் அங்குல அகல நாடாவின் நுனியை எடுத்து, மடிப்பு விழாமல் டேப் ரிக்கார்டரின் இடுக்கு வழியே நுழைத்து, எதிரேயுள்ள வெறுஞ்சுருளில் விரலால் சுற்றிவிடும் காரியத்தில், வீணைக்குச் சுருதி கூட்டுபவரின் நிதானம் இருக்கிறது.

பார்க்லே-க்ராக்கர் சுருளானால் வினாடிக்கு 7½ அங்குலம் வீதம் பழுப்பு நாடா பளபளத்து நகரும். சங்கீதத்துக்கு முன்பாக எழும் மெல்லிய இரைச்சல்கூடச் செவிக்கு இதமாகவே படும். ஒரு பக்கம் முடிந்ததும் சுருள்களை இடம் மாற்றி மறுபக்கத்தையும் கேட்டுவிட்டால், நாடா தானாகவே ஆரம்பத்துக்கு வந்து சேரும். அவ்விதம் மெதுவான கதியில் சுற்றப்பட்டது ஏற்றத்தாழ்வின்றி வழவழப்பாக அமையும் என்பதால், அனுபவசாலிகள் அதை வேகமாகத் திருப்பிச் சுற்றுவதில்லை. வாங்கியவர் சிலரே ஆதலால் இச்சுருள்கள் அபூர்வம். அட்டைப்பெட்டி வெளுக்காமல், நாடாவின் ஓரம் நசுங்காமல் ஒன்று கைக்குக் கிட்டினால், முன்பு அதை வைத்திருந்த முகமறியா மனிதரின் சிரத்தைக்கும் சேர்த்தே சேகரிப்பாளர்கள் நன்றி பாராட்டுகிறார்கள்.