ஆயுள் ஒரு சாமம்

சிங்கப்பெருமாள் கோவில் கடைத்தெருவில் 'குடிநீர்' என்று கேட்டால் தண்ணீர் கேனைத்தான் எடுத்துத் தருவார்கள். மின்சார ரயிலேறி தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, தேசிய சித்த மருத்துவ நிறுவனத்துக்குள் போனால் அதே சொல்லுக்குக் கஷாயம் என்று பொருள். சரக்குகளை ஒன்றிரண்டாக இடித்து, தண்ணீர் விட்டு, கால் பங்காகவோ எட்டில் ஒரு பங்காகவோ வற்றக் காய்ச்சி வடித்தால் அது குடிநீர்.

தமிழ்நாட்டில் இந்தப் பழைய பொருளைத் தெருவுக்குக் கொண்டுவந்தவை காய்ச்சல்கள். சிக்குன்குனியா, டெங்குக் காலங்களில் ஒன்பது சரக்குகள் சேர்ந்த நிலவேம்புக் குடிநீர். 2020இல் பதினைந்து சரக்குகளோடு கபசுரக் குடிநீர். பெரிய அண்டாவில் காய்ச்சி, வரிசையில் நின்றவர்களுக்குச் சின்னக் கோப்பைகளில் ஊற்றினார்கள்.

இலங்கையில் அது அடுப்படிப் பழக்கம். தடிமன் பிடித்தால் யாழ்ப்பாணத்து வீடுகளில் மல்லியும் வேர்க்கொம்பும் அவித்துக் கொடுப்பார்கள். வேர்க்கொம்பு என்பது நம் சுக்கு. சிங்கள வீடுகளில் 'பஸ்பங்குவ': கொத்தமல்லி, இஞ்சி, பற்படாகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் என ஐந்து பங்கு. பன்னிரண்டு கழஞ்சுச் சரக்கை எட்டுப் பங்கு தண்ணீரில் இட்டு ஒரு பங்காக வற்றவைப்பது அங்குள்ள மரபுக் கணக்கு. அந்நாட்டின் 1961ஆம் ஆண்டு ஆயுர்வேதச் சட்டம் சித்தத்தையும் யுனானியையும் சிங்கள நாட்டு வைத்தியத்தையும் ஒரே குடையின்கீழ் வைத்திருக்கிறது.

தமிழ்நாடு, இலங்கை இரண்டில் இலங்கை வழக்கமே நூல்முறைக்கு நெருக்கமானது. சித்த மருத்துவம் ஒவ்வொரு மருந்துக்கும் ஆயுள் சொல்கிறது: சூரணத்துக்கு மூன்று மாதம், குடிநீருக்கு ஒரு சாமம், அதாவது மூன்று மணி நேரம். வீட்டில் அவித்ததைச் சூட்டோடு குடித்துவிடுகிறார்கள். அண்டாவில் காலையில் காய்ச்சியது மதியம்வரை நின்றால் கணக்கு தப்பிவிடும். வெந்நீரில் கரைத்துக் குடிக்கும் மூலிகைத் தூள் இலங்கையிலும் பரவிவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அதில் வற்றக் காய்ச்சும் வேலையே இல்லை.

சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த ஒரகடம் ஆலைகளில் ஷிஃப்ட் வேலை பார்த்து, அறையைப் பகிர்ந்து தங்கியிருப்பவருக்கு அண்டாவும் இல்லை, அவித்துத் தரப் பாட்டியும் இல்லை. கடையில் வாங்கும் பொட்டலம்தான் அவருக்குக் குடிநீர். உள்ளே இருப்பதோ சூரணம். எவ்வளவு வற்றவைப்பது, எத்தனை மணிக்குள் குடிப்பது, காய்ச்சல் விடாவிட்டால் எப்போது ரத்தப் பரிசோதனைக்குப் போவது என்பதையெல்லாம் அந்த உறையில் பெரிய எழுத்தில் அச்சிட வேண்டும். தமிழில் மட்டும் போதாது. வெளிமாநிலங்களிலிருந்து வேலைக்கு வந்தவர்களுக்காக இந்தியிலும் ஒடியாவிலும் வேண்டும்.