ஓட்டமும் பந்தயமும்: 'ஹரிதாஸ்' திரைப்படம் பற்றிய ஒரு நோக்கு

உடல், உளக் குறைபாடுடையோரைத் தமிழ்த் திரைப்படம் பெரும்பாலும் இரக்கத்துக்கோ நகைப்புக்கோ உரியோராகவே சித்திரித்து வந்துள்ளது. அம்மரபினின்று விலகி, ஓட்டிசம் உள்ள சிறுவனொருவனைக் கதையின் மையத்தில் நிறுத்திய வகையில், ஜி. என். ஆர். குமாரவேலனின் இயக்கத்தில் 2013இல் வெளிவந்த 'ஹரிதாஸ்' ஆராயத்தக்கது.

பொலிஸ் அதிகாரியான தந்தை (கிஷோர்) மகனை (பிருத்விராஜ் தாஸ்) அறிந்துகொள்ள முயலும் பகுதிகளிலேயே படத்தின் வலிமை தங்கியுள்ளது. மகனின் நாட்டம் ஓட்டத்திலிருப்பதைக் கண்டு, தந்தை அதனையே பயிற்சியாக்குகின்றார். இது வெறுங் கற்பனையெனத் தள்ளத்தக்கதன்று. 1984இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று, 15 நிமிட மெல்லோட்டத்தின் பின் ஓட்டிசம் உள்ள பிள்ளைகளிடம் மீளமீள நிகழும் அசைவுகள் குறைந்தமையையும், அதேயளவு நேரப் பந்தாட்டம் அப்பயனைத் தராமையையும் காட்டிற்று.

ஆயின், கதை பந்தயத்தை நோக்கித் திரும்பியதும் சிறுவனின் இன்பமாயிருந்த ஓட்டம், அவனது தகுதிக்குரிய சான்றாகிவிடுகின்றது. 2005இல் வெளிவந்த கொரியப் படமான 'மாரத்தான்' சென்ற வழியும் இதுவே. பந்தயத்தில் இடம்பெறாத பிள்ளையின் நிலை யாது? இவ்வினாவைப் படம் எழுப்பவில்லை.

திருகோணமலைத் துறைமுகப் பகுதியில் வைத்து நோக்கின் இவ்வினாவின் கூர்மை புலனாகும். இங்கு எவ்வீட்டுக்கும் கடல் அண்மையிலுள்ளது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகள் பலர் நீரினால் ஈர்க்கப்படுவர். பெரியோரின் கண்காணிப்பை விட்டு அலைந்து செல்லும் இப்பிள்ளைகளின் மரணங்களுக்கு நீரில் மூழ்குதல் முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகும். எனவே நீச்சற் பயிற்சி இங்கே உயிர்க்காப்பாகின்றது. ஓட்டிசம் உள்ள இந்தியச் சிறுமி ஜியா ராய், 2022 மார்ச்சில் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிவரை 29 கிலோமீற்றரை நீந்திக் கடந்தமை போற்றத்தக்க சாதனையே. உப்புவெளிக் கரையில் இடுப்பளவு நீரில் மிதக்கப் பழகும் பிள்ளை அடைவதும் சிறிதன்று.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் இக்கடல் கொந்தளிக்கும், நீச்சல் தடைப்படும். அன்றாட ஒழுங்கு குலைவது இப்பிள்ளைகளைப் பெரிதும் வருத்துமாதலால், பிரெட்றிக் கோட்டை வாயிலிலிருந்து கோணேசர் கோயில்வரை ஏறும் வீதியில் காலை நடை போன்ற மாற்றொன்று முன்கூட்டியே பழக்கப்படுத்தப்படல் வேண்டும். சனநெரிசலற்ற நேரம், மாறாத வழி, அறிந்த துணை, அடுத்துச் செய்யவேண்டியதைப் படங்களாற் காட்டல் ஆகியனவே இத்தகைய பயிற்சிக்கு வேண்டியவை. மாற்றுத்திறனுடைய பிள்ளைகளுக்கும் நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிட உடலியக்கம் தேவையென உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் விதந்துரைத்தது. அவ்விதந்துரை எந்தப் பிள்ளையிடமும் வெற்றியை வேண்டி நிற்கவில்லை.

இவ்வன்றாட உழைப்பில் திரைக்கதைக்குரிய உச்சக்கட்டம் இல்லை. அதனாற்போலும் 'ஹரிதாஸ்' அதனைக் கடந்து விரைகின்றது. எனினும் தந்தை மகனருகே பொறுமையுடன் நிற்கும் முற்பகுதிக் காட்சிகளில் அவ்வுழைப்பின் சாயல் உண்டு. படத்தின் நிலைபேறு அக்காட்சிகளிலேயே உளது எனலாம்.